எந்தத் துணிக்கு என்று கேட்டு விற்போம்!



கார்த்திகை மாதம் நெருங்கினால் நமது மளிகைக் கடைகளில் நெய், கற்பூரம், தேங்காய் இவற்றோடு சாயப் பொட்டலமும் விற்பனைக்கு வந்துவிடுகிறது. சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் கறுப்பும் நீலமும் கேட்பார்கள். தை மாதம் பழனிக்கு நடக்கிறவர்கள் பச்சையும் காவியும் கேட்பார்கள். மேல்மருவத்தூர் செல்கிறவர்கள் சிவப்பு கேட்பார்கள். இது பருவ வியாபாரம். இது தவிர வருடம் முழுவதும் ஒரு சிறு வியாபாரமும் நடக்கிறது. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ரிப்பன், சுடிதாருக்குத் துப்பட்டா, சேலைக்கு ஃபால்ஸ், பாவாடைக்கு லேஸ், தோளில் மாட்டும் துணிப்பை என்று சின்னச் சின்னச் சாமான்களுக்கு வீட்டிலேயே சாயம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துப் பெண்கள் நம்மிடம் வருகிறார்கள்.

பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கிறோம். காசை வாங்கிக் கல்லாவில் போடுகிறோம். "கொதிக்கிற தண்ணியில போட்டு ஒரு கை உப்பு போடுங்கம்மா, நல்லா பிடிக்கும்" என்று கடைப் பையன் யோசனையும் சொல்லி அனுப்புகிறான். நாலு நாள் கழித்து அந்த அம்மாள் திரும்பி வருகிறார். ரிப்பன் திட்டுத்திட்டாக இருக்கிறது. துவைத்தால் தண்ணீரெல்லாம் நிறம். பிள்ளையின் வெள்ளைச் சட்டைக் காலரிலும் கறை. "ஒங்க கடைச் சரக்கே இப்படித்தான்" என்கிறார்.

இந்தப் புகார் மொத்த வியாபாரிகளாகிய எங்களுக்கும் வருகிறது. சில்லறை வியாபாரிகள் மீதிப் பொட்டலங்களைக் கொண்டுவந்து, "சரக்கு மட்டம், திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். பெரும்பாலும் சரக்கில் குறை இருப்பதில்லை. எந்தத் துணிக்கு எந்தச் சாயம் என்று யாரும் கேட்காததுதான் குறை. இந்தச் சிறு பொருளைப் பற்றிப் பேச இத்தனை பக்கமா என்று எண்ண வேண்டாம். கடையின் நல்ல பெயரும், வாடிக்கையாளர் வீட்டுச் சமையலறையும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

வெளுத்ததெல்லாம் பருத்தியல்ல

வெளுத்ததெல்லாம் பாலல்ல என்பார்கள். அதுபோல வெள்ளையாக இருக்கிற துணியெல்லாம் பருத்தியல்ல. நமது கடைகளில் காலங்காலமாக விற்கும் சாயப் பொட்டலங்களில் பெரும்பாலானவை பருத்திக்கானவை. வெந்நீரில் கரையும், உப்பு போட்டால் நூலில் நன்றாக ஏறும். நமது தாய்மார்கள் வேட்டிக்கும் சேலைக்கும் போட்டுப் பழகியது இந்த முறைதான். கடைப் பையன் சொல்லும் உப்பு யோசனையும் அங்கிருந்து வந்ததே. அது பருத்திக்குச் சரி.

ஆனால் இன்று வாடிக்கையாளர் கையில் இருக்கும் சாமான் எது? ரிப்பன் பெரும்பாலும் பாலியஸ்டர் அல்லது நைலான். பை நைலான். துப்பட்டா பாலியஸ்டர். மாலை போடும் சாமிகள் வாங்கும் மலிவு விலை வேட்டி துண்டில்கூட டெரிகாட்டன் கலந்துவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு பாலியஸ்டர் உள்ள துணியைக் கறுப்புச் சாயத்தில் முக்கினால் மூன்றில் ஒரு பங்கான பருத்தி மட்டுமே நிறம் பிடிக்கும். மீதி வெள்ளையாகவே நிற்கும். கறுப்பு கேட்டவருக்குச் சாம்பல் நிறம்தான் கிடைக்கும். முழுப் பருத்திச் சட்டைக்குச் சாயம் போட்டால்கூடத் தையல் மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். தையல் நூல் பாலியஸ்டர் என்பதே காரணம்.

இது புதிய விஷயமும் அல்ல. 1920-களில் அசிடேட் என்ற செயற்கைப் பட்டு மேல்நாட்டுச் சந்தைக்கு வந்தபோது, அதுவரை இருந்த சாயங்கள் அதில் ஏறவில்லை. அதற்கென்றே டிஸ்பர்ஸ் என்ற புதுவகைச் சாயத்தைக் கண்டுபிடித்தார்கள். 1935-ல் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தில் நைலான் உருவாயிற்று. 1941-ல் இங்கிலாந்தில் பாலியஸ்டர் இழை உருவாயிற்று. புதிய இழைக்குப் புதிய சாயம் வேண்டும் என்பதை ஆலைக்காரர்கள் அன்றே புரிந்துகொண்டார்கள். நமது கடை அலமாரிக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம்

"என்ன துணி?" என்று கேட்டால், "சாட்டின் ரிப்பன்", "ஷிஃபான் துப்பட்டா", "ஜார்ஜெட்" என்று பதில் வரும். இவை நெசவின் பெயர்கள், இழையின் பெயர்கள் அல்ல. சாட்டினைப் பட்டிலும் நெய்யலாம், நைலானிலும் நெய்யலாம், பாலியஸ்டரிலும் நெய்யலாம். ஷிஃபானும் ஜார்ஜெட்டும் அப்படியே. "ஆர்ட் சில்க்" என்பதும் ஒருநாள் ரேயானாக இருக்கும், ஒருநாள் பாலியஸ்டராக இருக்கும். ரேயான் மரக்கூழிலிருந்து வருவதால் பருத்திச் சாயத்தை நன்றாகவே ஏற்கும். பாலியஸ்டர் ஏற்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும்.

துணியில் லேபிள் இருந்தால் அதைப் பார்க்கச் சொல்லலாம். இல்லையென்றால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பார்ப்பது பழைய ஜவுளிக்காரர்கள் வழி. காகிதம் எரிவதுபோல் எரிந்து மெல்லிய சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி அல்லது ரேயான். முடி கருகுவது போல நாறினால் பட்டு அல்லது கம்பளி. சுருங்கி, உருகி, முனையில் கெட்டியான மணிபோல் உறைந்தால் செயற்கை இழை. அதிலும் கரும்புகையோடு உருகிக் கறுப்பு மணியாக நின்றால் பெரும்பாலும் பாலியஸ்டர். இதைக் கடைக்குள் செய்ய வேண்டாம். எண்ணெய் டின்னும் அட்டைப் பெட்டியும் இருக்கும் இடம். வீட்டில் பெரியவர்கள், குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது செய்து பார்க்கட்டும்.

நைலானுக்கு வழி உண்டு

செயற்கை இழை என்றாலே வீட்டில் சாயம் ஏறாது என்று சொல்லிவிடவும் கூடாது. நைலான் நல்ல பிள்ளை. பட்டுக்கும் கம்பளிக்கும் போடுகிற ஆசிட் சாயத்தை அது ஏற்றுக்கொள்ளும். ஆசிட் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. சாயம் பிடிப்பதற்குத் தண்ணீரில் சிறிது புளிப்பு வேண்டும், அவ்வளவுதான். நமது கடையில் விற்கும் வெள்ளை வினிகரே போதும். லிட்டருக்கு இருபது மில்லி அளவில் ஊற்றலாம்.

ஆக, பருத்திக்கு உப்பு, நைலானுக்கு வினிகர். இந்த ஒரு வரியைக் கடைப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தாலே பாதிப் புகார் குறைந்துவிடும். உப்பும் நம்மிடம் இருக்கிறது, வினிகரும் நம்மிடம் இருக்கிறது. சரியான யோசனை சொன்னால் கூடுதலாக ஒரு பாட்டில் வினிகரும் விற்கும்.

செய்முறையும் கஷ்டமில்லை. ரிப்பனையோ லேஸையோ முதலில் சோப்பு போட்டு அலசி, கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் போகச் செய்ய வேண்டும். சாயப்பொடியைத் தனியே வெந்நீரில் கரைத்து வடிகட்டிவிட்டு ஊற்ற வேண்டும். வடிகட்டாவிட்டால் கரையாத பொடி துணியில் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொள்ளும். துணியை ஈரமாகவே உள்ளே விட்டு, மெதுவாகச் சூடேற்றி, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே அரைமணி நேரம் கிளறிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட வேண்டும். சூட்டோடு எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டால் நைலானில் விழும் சுருக்கம் பிறகு போகாது. முதலில் ஒரு துண்டு ரிப்பனில் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு முழுவதையும் போடுவது புத்திசாலித்தனம்.

எல்லா நைலான் சாமானும் இதற்கு ஒத்துவராது. பசையால் ஒட்டிய பூ, பிளாஸ்டிக் மணி, ஜரிகை, எலாஸ்டிக் உள்ளவை சூட்டில் கெட்டுவிடலாம். உட்புறம் ரப்பர்போலப் பூச்சு உள்ள பைகளில் சாயம் சீராக ஏறாது. நிறம் மாற்றும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாயம் என்பது இருக்கிற நிறத்தின் மேல் ஏறுவது. மஞ்சள் ரிப்பனில் நீலம் போட்டால் பச்சைதான் வரும். பழைய நிறத்தைப் போக்குவதற்காக ப்ளீச்சிங் பவுடர் கேட்டால், நைலானுக்கு அதைக் கொடுக்க வேண்டாம். குளோரின் நைலானை மஞ்சளாக்கி, இழையையும் இற்றுப்போகச் செய்துவிடும்.

பாலியஸ்டர் கேட்டால் "இல்லை" என்போம்

பாலியஸ்டர் தண்ணீரை அண்டவிடாத இழை. தண்ணீரில் கரையும் சாயம் அதற்குள் நுழைவதே இல்லை. மேலே ஒட்டிக்கொண்டு நின்று, முதல் சலவையில் இறங்கிவிடும். அதற்கு டிஸ்பர்ஸ் சாயம்தான் வேண்டும். சாயப் பட்டறைகளில் மூடிய எந்திரத்தில், அழுத்தத்தில், 130 டிகிரி சூட்டில் அதை ஏற்றுகிறார்கள். வீட்டு அடுப்பில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. செயற்கைத் துணிக்கென்றே விற்கும் டிஸ்பர்ஸ் வகை வீட்டுச் சாயங்கள் இப்போது ஆன்லைனில் கிடைக்கின்றன. அவையும் அடுப்பை அணைக்காமல், தளதளவென்று கொதிக்க வைத்துக்கொண்டே இருந்தால்தான் பிடிக்கும். அப்போதும் அடர்த்தியான கறுப்போ சிவப்போ வருவது சிரமம்.

சூடு அதிகம் வேண்டும் என்று கேள்விப்பட்டுச் சிலர் சமையல் குக்கரில் ரிப்பனைப் போட்டு விசில் விடலாமா என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது என்று அழுத்தமாகச் சொல்லி அனுப்புங்கள். ரிப்பனோ நூலோ ஆவி போகும் துவாரத்தை அடைத்தால் குக்கர் வெடிக்கும். வெடிக்காமல் தப்பினாலும், மறுநாள் அதே குக்கரில் பருப்பு வேகும்.

வாடிக்கையாளர் கொண்டுவருவது பாலியஸ்டர் என்று தெரிந்தால், "அம்மா, இந்தப் பொட்டலம் இதுக்குப் பிடிக்காது. அந்தக் கலர்லயே ரிப்பன் வாங்கிக்கிறது நல்லது. துப்பட்டான்னா சாயம் போடுற கடையில கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிடுவதே நேர்மை. கைக்கு வந்த வியாபாரத்தை விடுவதா என்று சிலர் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் கிடைக்கும் லாபம் எவ்வளவு என்று நமக்குத் தெரியும். அந்த அம்மாள் மாதம் முதல் தேதியில் நம்மிடம் எடுக்கும் மளிகைச் சாமான் பட்டியல் எவ்வளவு என்றும் தெரியும். எதற்காக எதை இழக்கிறோம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்கப் போகிறார்" என்பது இன்னொரு வாதம். வாங்கட்டும். சாயம் வெளுத்த அன்று, வேண்டாம் என்று சொன்ன கடை எது, வாங்கிக்கொள் என்று சொன்ன கடை எது என்பது அவருக்கு ஞாபகம் வரும். துணியின் சாயம் வெளுத்தால் கூடவே கடையின் சாயமும் வெளுக்கும்.

பெரிய கடைகளும் ஆன்லைன் வியாபாரமும் நமது வியாபாரத்தைக் கொண்டுபோகின்றன என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். விலையில் அவர்களோடு மல்லுக்கட்ட நம்மால் முடிவதில்லை. ஆனால் "எதற்கு வாங்குகிறீர்கள்?" என்று முகம் பார்த்துக் கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. நமது கடையில் இருக்கிறோம். அந்தக் கேள்வியையும் கேட்காமல் விட்டால் நம்மிடம் வருவதற்கு அவர்களுக்கு வேறு என்ன காரணம் இருக்கிறது?

பருப்புக்குப் பக்கத்தில் சாயமா?

இதுவரை சொன்னது நஷ்டக் கணக்கு. இனிச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது.

பல கடைகளில் சாயப் பொட்டலம் எங்கே இருக்கிறது? கேசரிப் பவுடருக்கும் மஞ்சள் தூளுக்கும் பக்கத்தில் இருக்கிறது. "கலர் பொடி" என்று கேட்டால் இரண்டுக்கும் ஒரே பெயர். அவசரத்தில் பையன் எதை எடுத்துக் கொடுப்பான் என்பதற்கு யார் உத்தரவாதம்? சில இடங்களில் சாயப்பொடியை உதிரியாக நிறுத்துக் கொடுக்கிறார்கள். அதே கரண்டி, அதே தராசுத் தட்டு. சாயப்பொடி மாவைவிட மெல்லியது. கண்ணுக்குத் தெரியாமல் பறந்து பக்கத்து டப்பாவில் இறங்கும்.

மெட்டானில் மஞ்சள் என்ற சாயம் நைலானுக்கும் கம்பளிக்கும் தோலுக்கும் போடுகிற ஆசிட் சாய வகையைச் சேர்ந்தது. மஞ்சள் தூளிலும் பருப்பிலும் கலப்படம் செய்யப்படுவதாக உணவுத் துறை காலங்காலமாகத் தேடிப் பிடிப்பதும் அதே சாயத்தைத்தான். ரோடமின்-பி என்பதும் துணி, காகிதச் சாயமே. அதைப் பஞ்சு மிட்டாயில் கலந்தது தெரிந்து 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் அதைத் தொடர்ந்து தமிழக அரசும் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை போட்டதை நாம் அனைவரும் பார்த்தோம். நிறமிட்ட தின்பண்டங்களைத் தேடி அதிகாரிகள் கடை கடையாக ஏறினார்கள். உணவுப் பொருள் விற்கும் கடையில் லேபிள் இல்லாத சாயப்பொடி டப்பா ஒன்று கண்ணில் பட்டால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசியுங்கள். இது ரிப்பனுக்கு, இது ரவைக்கு என்று வாயால் சொல்லி நிரூபிக்க முடியுமா?

சாயம் தோலுக்கும் ஆகாததாக இருக்கலாம். புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்களாக உடையக்கூடியவை என்று பென்சிடின், அசோ வகைச் சாயங்கள் 112-ஐ மத்திய அரசு 1990-களில் தடை செய்தது. பெயரும் ஊரும் போடாத பொட்டலத்துக்குள் எந்தச் சாயம் இருக்கிறது என்று விற்கிற நமக்கே தெரியாது. குழந்தை தலையில் கட்டும் ரிப்பனுக்கும், வாயில் கடித்துக்கொண்டு நிற்கும் துப்பட்டா நுனிக்கும் அதைக் கொடுத்து அனுப்புகிறோம்.

சட்டத்தையும் கொஞ்சம் பார்ப்போம். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. தயாரித்தவர் யார் என்று தெரியாத பொருளால் வாங்கியவருக்குத் தீங்கு நேர்ந்தால், விற்றவரே பொறுப்பேற்க நேரிடும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. முகவரி இல்லாத பொட்டலத்தை விற்கிறவர் அந்த முகவரிக்குத் தன் பெயரைக் கொடுக்கிறார் என்றே அர்த்தம்.

நாம் செய்யக்கூடியவை

சங்கத்தின் பார்வைக்கும் உறுப்பினர்களின் பார்வைக்கும் சில யோசனைகளை வைக்கிறோம்.

ஒன்று: மொத்த வியாபாரிகளாகிய நாங்கள் கொள்முதல் செய்யும்போது, தயாரித்தவர் பெயர், முகவரி, எந்த இழைக்கான சாயம் என்ற விவரம், உண்பதற்கல்ல என்ற எச்சரிக்கை இவை தமிழில் இல்லாத சாயப் பொட்டலங்களை எடுக்கக் கூடாது. எல்லோரும் சேர்ந்து கேட்டால் தயாரிப்பாளர் போட்டுத்தான் தீருவார். ஒருவர் கேட்டு மற்றவர் வாங்கினால் நடக்காது.

இரண்டு: சில்லறைக் கடைகளில் சாயத்தை உதிரியாக நிறுத்து விற்பதை அடியோடு நிறுத்த வேண்டும். பொட்டலங்களைத் தனிப் பெட்டியில், சோப்பு, பினாயில் வைக்கும் பக்கம் வைக்க வேண்டும். அதிலும் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். பொட்டலம் கிழிந்தாலும் பொடி உணவுச் சரக்கின் மேல் கொட்டாது.

மூன்று: விற்கும் ஒவ்வொருவரும் "எந்தத் துணிக்கு?" என்று கேட்க வேண்டும். பருத்தி என்றால் உப்பு, நைலான் என்றால் அதற்கான சாயமும் வினிகரும், பாலியஸ்டர் என்றால் இந்தப் பொட்டலம் ஆகாது. இதை ஒரு அட்டையில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் புதுப் பையனுக்கும் உதவும். சங்கமே அச்சடித்துக் கொடுத்தால் செலவு மிச்சம்.

நான்கு: பொட்டலத்தோடு மூன்று எச்சரிக்கைகளைச் சொல்லி அனுப்ப வேண்டும். சாயம் போட்ட பாத்திரத்தில், கரண்டியில் மறுபடி சமைக்கக் கூடாது. அதற்கென்று ஒரு பழைய எவர்சில்வர் பாத்திரத்தை ஒதுக்கிவிட வேண்டும். பொடியைக் கரைக்கும்போது கையுறை போட்டு, மூக்கைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். மிஞ்சிய சாயத் தண்ணீரைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டதையும், 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் நாம் மறக்கவில்லை. ஒரு வீட்டுத் தண்ணீர் ஆற்றைக் கெடுத்துவிடாது. ஆனால் ஒரு வீட்டுக் கிணற்றைக் கெடுக்கும்.

இவற்றில் எதற்கும் பெரிய முதலீடு வேண்டாம். வேண்டியது ஒரு தனிப் பெட்டி, ஒரு அட்டை, ஒரு கேள்வி. சாயப் பொட்டலம் நமது வியாபாரத்தில் கடுகளவு. ஆனால் அதை விற்கிற கடையில்தான் ஊர் ஜனங்கள் அரிசியும் பருப்பும் குழந்தைக்குப் பால் பவுடரும் நம்பி வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஒரு பொட்டலத்தால் பங்கம் வரவிடக் கூடாது.

வரும் பருவத்துக்குச் சரக்கு எடுக்கும் முன் இதை ஒவ்வொரு கிளைக் கூட்டத்திலும் பேசி முடிவெடுப்போம். எந்தத் துணிக்கு என்று கேட்டு விற்போம்!